பம்பரா எழும்பும் நேரம்

முப்பத்துநாலு வருடம் கெம்பஸ் விலங்கியல் பகுதியில் லேப் அட்டென்டன்டாக உழைத்த மர்ஸூக்கின் பெயர் ஒரேயொரு தரம்தான் அச்சில் வந்தது. அதுவும் ஓய்வுபெறுகிறவர்களின் பட்டியலில், 'எம். மசூக்' என்று. அந்த மசூக் யாரென்று அவருக்கே தெரியாது. அவர் பிடித்துக்கொடுத்த தவளையை அறுத்து டொக்டரானவர்கள் பதினொரு பேர். அவர் சேற்றில் இறங்கி அள்ளிய நத்தையை வைத்துப் பேராசிரியரானவர்கள் இரண்டு பேர். அவர்கள் எழுதிய கட்டுரைகளின் வாலில், மிகச் சின்ன எழுத்தில், 'ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி கிடக்கும். ஊழியர்களாம்! இந்த ஊழியருக்குப் பெயர் வைக்கத் தாய் தகப்பன் மறந்துவிட்டார்கள் போலும்.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை டொக்டர் தாரிகா பட்டர் கேக் பெட்டியும் கையுமாகக் கொட்டாஞ்சேனை வீட்டின் மாடிப்படி ஏறி வந்து, "அங்கிள், அந்தப் பழைய தேனீக் கொப்பியள் உங்களிட்டத்தான் இருக்காம், உண்மையோ?" என்று கேட்டபோது, மனிதர் பதில் சொல்ல முதலே எழுந்து கட்டிலுக்குக் கீழே குனிந்துவிட்டார். அறுபத்துநாலு வயது, இடுப்பில் ஒரு பிடிப்பு வேறு. மனைவி லுத்பியா அறை வாசலில் நின்று, "மெதுவா, மெதுவா. அது எங்கயும் ஓடிப்போகாது" என்றாள்.

தாரிகா நாலு வயதில் தாய் தகப்பனோடு லண்டன் போனவர். அங்கேயே படித்து, டொக்டர் பட்டமும் எடுத்து, ஏழு வருடத்துக்கு முன்தான் கொழும்புக்கு விரிவுரையாளராக வந்திருந்தார். வெள்ளவத்தையில் கடல் தெரிகிற ஃபிளாட். வீட்டுத் தமிழ் நன்றாகவே கதைப்பார். வாசிப்பதென்றால் மட்டும் சின்னப் பிள்ளை போல எழுத்துக் கூட்டுவார். மர்ஸூக் ஓய்வு பெறுவதற்கு முந்திய சில வருடங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிடத்தில் வேலை செய்தவர்கள்தான், ஆனால் 'குட் மோர்னிங்' தாண்டிப் பழக்கமில்லை.

கட்டிலடிப் பெட்டியிலிருந்து வெளியே வந்தவை தடித்த அட்டை போட்ட ஏழு சீஆர் கொப்பிகள். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டியிருந்தன. ஸ்டோர் ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்த நாளில் குப்பை லொறிக்குப் போகவிருந்ததை மர்ஸூக் பொறுக்கியெடுத்துக்கொண்டு வந்து, இத்தனை வருடமும் கறையானுக்கும் லுத்பியாவின் தும்புத்தடிக்கும் தப்பவைத்திருந்தார்.

அந்தக் கொப்பிகளுக்குச் சொந்தக்காரர் பேராசிரியர் நமசிவாயம். மனிதர் இப்போது இல்லை. மாரடைப்பு வந்து, எழுத நினைத்த கட்டுரையில் ஒரு வரியும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். இரண்டாயிரத்து இரண்டிலிருந்து நாலு வரை, மூன்று வருடம், பெப்ரவரியும் மார்ச்சும் வந்தால் போதும், மர்ஸூக்கை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிப் பக்கத்து மழைக்காட்டுக்குப் போய்விடுவார். அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒரே விஷயம். ஆண் தேனீக்கள் எங்கே கூடுகின்றன, எத்தனை மணிக்குக் கூடுகின்றன. உலகத்தில் வேறு ஒருவரும் இதைக் கேட்டு அழவில்லை. நமசிவாயத்துக்கு மட்டும் இது தெரியாமல் சோறு இறங்காது.

ஆண் தேனீ என்பது ஒரு வீணாய்ப்போன பிறவி. கொட்ட முள் இல்லை, தேன் எடுக்கத் தெரியாது, பெண் தேனீக்கள் ஊட்டினால் தின்னும். அதற்குப் படைத்தவன் கொடுத்தது ஒரே வேலை. தினமும் குறித்த நேரத்துக்குக் கூட்டை விட்டுக் கிளம்பி, காட்டுக்குள் ஆகாயத்தில் ஒரு குறித்த இடத்துக்குப் போய், மற்றக் கூடுகளின் ஆண்களோடு சேர்ந்து சுற்ற வேண்டும். கல்யாணத்துக்கு வெளிக்கிட்ட ராணி அந்த இடத்துக்குத்தான் வருவாள். அவளைத் துரத்திப் பிடித்து, பறக்கிற பறப்பிலேயே சேருகிறவன் அந்த இடத்திலேயே செத்து விழுவான். கிடைக்காதவன் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டு நாளைக்கும் போவான். இதை மர்ஸூக் வீட்டில் விளக்கியபோது லுத்பியா, "இதப் பாக்கவா காட்டுக்குப் போறீங்க? ஒங்கட தம்பியப் பாத்தா காணாதா? திண்டுட்டு நாலு மணிக்குத்தானே அவரும் வெளியில போற" என்றாள்.

நேரம்தான் இதில் பெரிய சங்கதி. பெட்டித் தேனீயும் மலைத்தேனீயும் ஒரே காட்டில்தான் இருக்கின்றன. மலைத்தேனீயைச் சிங்களத்தில் பம்பரா என்பார்கள், மர்ஸூக்கும் அப்படித்தான் சொல்லுவார். ஒன்றின் ஆண் மற்றதன் ராணியைத் துரத்திக்கொண்டு திரியக்கூடாது என்றுதானோ என்னவோ, இரண்டும் நேரத்தைப் பங்கு பிரித்து வைத்திருக்கின்றன. பெட்டித் தேனீ ஆண்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு, வெயில் சாய்கிறபோது எழும்பும். பம்பரா ஆண்கள், சூரியன் விழுந்ததும் தொழுகிற மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னே, காடு கறுக்கத் தொடங்குகிறபோது எழும்பும். காட்டுக்கு மேலே தலையை நீட்டி நின்ற ஒரு ஹொர மரத்தின் கிளைகளுக்குக் கீழேதான் பம்பராவின் கூட்டம். நமசிவாயம் பலூன் ஒன்றின் நூலில் சின்னக் கறுப்புக் கட்டையைக் கட்டி, ஜெர்மனியிலிருந்து வந்த ராணி வாசத்தை அதில் இரண்டு சொட்டுத் தடவி மேலே விடுவார். விட்டதும் மேலே பெரிய மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். நூற்றுக்கணக்கில் ஆண்கள் அந்தக் கட்டைக்குப் பின்னால் வால் பிடித்துச் சுற்றும். கட்டைக்குப் பின்னால்! மர்ஸூக்குக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

"மர்ஸூக், போன வருசம் இதில பறந்த ஆண் ஒண்டும் இப்ப உயிரோட இல்லை" என்பார் நமசிவாயம். "இதுகள் எல்லாம் புதுசு. ஆனா அதே மரத்துக்கு, அதே நேரத்துக்கு வருதுகள். ஆர் இதுகளுக்குச் சொன்னது?"

மர்ஸூக்கின் வேலை எண்ணுவது. கூட்டுக்கு எதிரே பொலித்தீன் விரிப்பில் உட்கார்ந்து, அட்டைகளைக் காலில் இருந்து பிய்த்தெறிந்துகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவார். ஒரு பக்கத்தில் போனது, மறு பக்கத்தில் வந்தது. கணக்கு முடிந்ததும் அதே பொலித்தீனில் மஃரிப் தொழுவார். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட ஒரு கட்டத்தையும் ஊகத்தில் நிரப்பியதில்லை. மழையில் கண் தெரியாத நாட்களில் 'தெரியவில்லை' என்றே எழுதியிருந்தார். மற்ற அட்டென்டன்டுகள் இதைக் கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

தாரிகா கொப்பியைப் புரட்டப் புரட்ட அவரின் கண் பெரிதாகிக்கொண்டே போனது. "அங்கிள், இது தங்கம். இருபது வருசத்துக்கு முந்தின டேட்டா இந்த நாட்டில ஒருத்தரிட்டயும் இல்லை. நான் அதே மரத்தில இப்ப ரெண்டு வருசமா எண்ணுறன். ரெண்டையும் வைச்சுப் பாத்தால்..." முடிக்காமலே ஃபோனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். கட்டம் போட்ட பக்கங்களை மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, டப் டப்பென்று.

"அந்த முன்பக்கத்தையும் எடுங்களேன், டொக்டர்" என்றார் மர்ஸூக். ஒவ்வொரு கொப்பியின் முதல் பக்கத்திலும் அவர் தமிழில் நாலைந்து வரி எழுதி வைத்திருந்தார். எந்தக் கூடு, எந்தப் பாறை, யார் யார் வந்தது, எந்த நேரம் என்றெல்லாம்.

"அது பரவாயில்லை அங்கிள். நம்பர்ஸ் மட்டும் எனக்குக் காணும்."

பெரிய படிப்புப் படித்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? அதோடு, அடுத்ததாகத் தாரிகா சொன்ன வார்த்தையில் மனிதருக்கு முன்பக்கம், பின்பக்கம் எல்லாமே மறந்துபோயிற்று.

"கட்டுரையில உங்கட பேரும் வரும் அங்கிள். நன்றியில இல்லை, ஓதர் லிஸ்டிலயே. இதை எழுதினது நீங்கள்தானே. இங்கிலீஷில எப்பிடி எழுதுறனீங்கள்?"

மர்ஸூக் கேக் பெட்டியின் மூடியிலிருந்து ஒரு துண்டு கிழித்து, பெரிய ஆங்கில எழுத்தில், எம். ஆர். எம். மர்ஸூக் என்று எழுதிக் கொடுத்தார். தாரிகா அதையும் படம் பிடித்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் தொடங்கிய பூரிப்பு அடங்கவேயில்லை. பள்ளிவாசலில் சொன்னார். மீன் கடையில் சொன்னார். சலூன்கார ரிம்ஸான் தாடியை வழித்துக்கொண்டே, "அப்ப நானா, இனி நீங்களும் ஒரு டொக்டர்தான். அந்தக் கட்டுரையில எனக்கு ஒரு கொப்பி தாங்க, கண்ணாடிக்குப் பக்கத்துல ஒட்டுறேன்" என்றான். கிண்டல்தான். ஆனாலும் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் எந்த இடம் தோது என்று மர்ஸூக் அப்போதே பார்த்து வைத்துக்கொண்டார். நுகேகொடையில் கட்டிக்கொடுத்த மகள் அஸ்காவிடம், "வந்தோடன ஃபோன்ல பாத்துட்டு நிக்காத. நாலு கொப்பி அடிச்சிக் கொண்டு வா" என்று சொல்லிவைத்தார்.

எட்டு மாதம் கழித்து, மார்ச் மாதத்தில், அழைப்பு வந்தது. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் தாரிகாவின் பேச்சு. கட்டுரை வெளியாகிவிட்டதாம். மர்ஸூக் பெருநாள் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு நாலு மணிக்கே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். ரோல்ஸும் பெட்டிஸும் கொடுத்தார்கள். மர்ஸூக் ஒன்றையும் தொடவில்லை.

திரையில் முதல் படம் வந்தது. கட்டுரையின் தலைப்பு, அதற்குக் கீழே பெயர்கள். நாலு பெயர். தாரிகா, அவரின் இரண்டு மாணவர்கள், லண்டன் பேராசிரியர் ஒருவர். மர்ஸூக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாலுதான். காட்டையே கண்டிராத லண்டன் மனிதருக்கு அதில் இடம் இருந்தது. அட்டை கடித்த மனிதருக்கு இல்லை. கடைசிப் படத்தில் சேர்த்திருப்பார்கள் என்று நப்பாசையோடு பார்த்திருந்தார். கடைசிப் படமும் வந்தது. 'கள ஊழியர்களுக்கு நன்றி.' மர்ஸூக்குக்கு எழுந்து போய்விடவேண்டும் போல இருந்தது. போகவில்லை. மரியாதை என்று ஒரு பாழாய்ப்போன சாமான் இருக்கிறதே.

இரண்டு படத்துக்கும் நடுவில் தாரிகா சொன்னதுதான் பேச்சின் உயிர். இருபது வருடத்துக்கு முன் பெட்டித் தேனீ ஆண்கள் நாலு ஐம்பதுக்கு எழும்பின, இன்று நாலு இருபதுக்கு எழும்புகின்றன. பம்பரா ஆண்கள் அன்று ஆறு முப்பத்தைந்துக்கு, இன்று ஆறு ஐந்துக்கு. காடு சூடாகிவிட்டது, அதனால் தேனீக்கள் தங்கள் கல்யாண நேரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளிவிட்டன. மண்டபம் 'அச்சச்சோ' என்றது. பின்வரிசையில் ஒரு வயதான மனிதர் எழும்பி, "ரெண்டு சாதியும் எப்பிடிப் பிள்ளை ஒரு நிமிசமும் பிசகாமல் ஒரே அரை மணித்தியாலம் மாறினது?" என்று கேட்டார். "அதுதான் இதின்ர அழகு" என்றார் தாரிகா. கைதட்டினார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார்.

மர்ஸூக் யாரிடமும் சொல்லாமல் வெளியே வந்து பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். வுழூ செய்யக் குழாயடியில் உட்கார்ந்து நிமிர்ந்தபோது சுவரில் தொழுகை நேரப் பலகை தெரிந்தது. மஃரிப் ஆறு இருபத்துநாலு. காலைக் கழுவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. காட்டில், இதே மார்ச் மாதத்தில், அவர் மஃரிப் தொழுதது ஆறு ஐம்பத்துநாலுக்கு அல்லவா? கைக்கடிகாரத்தை டோர்ச் அடித்துப் பார்த்துப் பார்த்துத் தொழுத நேரம் மறக்குமா? சூரியனும் அரை மணித்தியாலம் முந்திக்கொண்டு விழத் தொடங்கிவிட்டதா என்ன?

அடி சக்கை! மணிக்கூட்டை அல்லவா மாற்றி வைத்திருந்தார்கள்! தொண்ணூற்றாறில், நாட்டில் கரண்ட் இல்லாமல் தவித்த நேரம், அரசாங்கம் மணியை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. சில மாதத்தில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி இழுத்தது. மிச்ச அரை மணித்தியாலம் பத்து வருடம் அப்படியே கிடந்து, இரண்டாயிரத்து ஆறு சித்திரை வருடப் பிறப்போடுதான் பழைய நிலைக்கு வந்தது. அந்தப் பத்து வருடமும் நாடு முழுக்க 'புது நேரமா, பழைய நேரமா' என்று கேட்டுக் கேட்டே கல்யாண வீட்டுக்கும் மையத்து வீட்டுக்கும் போனது. மர்ஸூக் ஏழு கொப்பியின் முன்பக்கத்திலும் எழுதியிருந்தார்: 'நேரம் எல்லாம் ரேடியோ நேரம், அதாவது புது நேரம்.' காடும் மாறவில்லை, தேனீயும் மாறவில்லை. பம்பரா அன்றும் மஃரிபுக்கு இருபது நிமிடம் முன்னேதான் எழும்பியது, இன்றும் அப்படித்தான் எழும்புகிறது. தேனீக்கு யாரும் சொல்லாமலே நேரம் தெரிகிறது. நாட்டுக்கு, தானே மாற்றிய நேரம் இருபது வருடத்தில் மறந்துபோகிறது. தாரிகா அப்போது லண்டனில். அவரின் மாணவர்கள் அப்போது தொட்டிலில்.

மர்ஸூக்குக்கு முதலில் வந்தது சந்தோசம். பொய் சொல்லக்கூடாது, நல்ல கொழுத்த சந்தோசம். நாலு பெயரும் சேர்ந்து குழியில் விழுந்துவிட்டன. கேட்டதும் லுத்பியாவும், "விடுங்க. ஒங்கட பேரப் போடாதது அல்லா செஞ்ச நல்லது. இப்ப வெட்கப்படப்போறது அவங்கதானே? வாயப் பொத்திக்கிட்டு ஈங்க" என்றாள்.

இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் நாள் முடியவில்லை. தன் கையால் எழுதிய கணக்கைக் காட்டி ஊருக்குப் பொய் சொல்கிறார்களே என்று வயிறு எரிந்தது. இன்னொரு காரணமும் இருந்தது, அதை லுத்பியாவிடம் சொல்ல வெட்கம். பிழையைத் திருத்திக் கொடுத்தால் பெயரைப் போட்டுத்தானே ஆகவேண்டும்? எந்த மனச்சாட்சியும் இரண்டாம் முறை மறுக்காதே என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கையாம்! கறுப்புக் கட்டைக்குப் பின்னால் சுற்றினதுகளைப் பார்த்துச் சிரித்த மனிதர்தான் இவர்.

வெள்ளவத்தை ஃபிளாட்டில், கீழே ரயில் தடதடத்துப் போய்க்கொண்டிருக்க, மர்ஸூக் ஒரு கொப்பியையும், பள்ளிவாசல் இரண்டாயிரத்து மூன்றில் அடித்த பழைய தொழுகைக் கலண்டரையும் மேசையில் வைத்தார். முன்பக்கத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டினார். மார்ச் மாத மஃரிபைக் காட்டினார். தாரிகா கெட்டிக்காரி. பாதியிலேயே விளங்கிவிட்டது. முகத்தில் இரத்தம் இல்லை.

"ஏன் அங்கிள் இதை முதலே சொல்லேல்லை?"

"முன்பக்கத்த எடுக்கச் செல்லி அண்டைக்கே சென்னேனே, டொக்டர்."

தாரிகா எழுந்து போய்த் தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். "வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"வீட்டுல மட்டும்."

"என்ர பிழைதான் அங்கிள். பேர் விட்டதும் பிழை. லண்டன் ஆக்கள் லிஸ்டைக் குறைக்கச் சொல்லிட்டினம், எனக்கு எதிர்த்துக் கதைக்கத் தைரியம் வரேல்லை." குரல் உண்மையாகவே உடைந்தது. மர்ஸூக்குக்கு அந்தப் பிள்ளை மேல் இரக்கம் வந்துவிட்டது, பாவி மனிதர்! "ஒரு திருத்தம் போடுவம். இந்த முறை உங்கட பேரோடதான் போடுவன், சத்தியமா. ஏழு கொப்பியையும் ஒருக்காத் தாங்கோ. முழுசா, முன்பக்கம் எல்லாம், ஒழுங்கா ஸ்கேன் பண்ணுவம்."

அடுத்த நாளே ஏழையும் கொண்டுபோய்க் கொடுத்தார். தாரிகா அவற்றை ஒரு புதுப் பிளாஸ்டிக் ஃபைல் பெட்டியில் அழகாக அடுக்கினார். ரப்பர் பட்டி தேவைப்படவில்லை. மர்ஸூக் அதைத் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டார். கிளம்பும்போது, "எம். ஆர். எம். தானே அங்கிள்?" என்று தாரிகா மறக்காமல் கேட்டார். மர்ஸூக் இன்னொரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் போனது, மே போனது. கொப்பிகள் திரும்பி வரவில்லை. கோல் எடுத்தால், "ஸ்கேனிங் நடக்குது அங்கிள்" என்று பதில் வந்தது. பிறகு பதிலே வரவில்லை. ரிம்ஸான் ஒவ்வொரு வெள்ளியும், "என்ன நானா, கண்ணாடிக்குப் பக்கத்துல எடம் சும்மா ஈக்கி" என்று கேட்டான்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், அஸ்கா நுகேகொடையிலிருந்து வந்தாள். கையில் ஒரு கடித உறை. "வாப்பா, அந்தத் திருத்தம் வந்திட்டு! கடையில குடுத்து நாலு கொப்பி அடிச்சிட்டேன். பஸ் வந்திட்டு, நான் இன்னும் வாசிக்கவும் இல்ல." லுத்பியா வட்டலாப்பம் செய்து வைத்திருந்தாள். மர்ஸூக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஒரு தாளை வாங்கினார். ஆங்கிலத்தில் அவருக்கு எல்லாம் விளங்காது. ஆனால் தேடிய இடம் உடனே தெரிந்தது. எம். ஆர். எம். மர்ஸூக். நல்ல கறுப்பு மையில், ஒரு எழுத்தும் பிசகாமல்.

"யா அல்லாஹ்" என்றார். கண் நிறைந்துவிட்டது. "வாசி மகள். தமிழ்ல செல்லு. உம்மாவும் கேக்கட்டும்."

அஸ்கா வாசித்து வாசித்துச் சொன்னாள். முதல் வரி சந்தோசமாக வந்தது. இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. எங்கள் கட்டுரையில் இருந்த பழைய பதிவுகளின் நேரம் அரை மணித்தியாலம் பிழையானது என்று இப்போது தெரியவந்துள்ளது. அவற்றை எழுதிய ஆய்வுகூட உதவியாளர் எம். ஆர். எம். மர்ஸூக், அப்போது நடைமுறையில் இருந்த நேர மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமலும், எந்த நேரம் என்று குறிப்பிடாமலும் பதிந்திருக்கிறார். கொப்பிகளை முழுமையாகப் பரிசோதித்தோம். இதுபற்றி அவற்றில் எந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே எங்கள் முடிவைத் திரும்பப் பெறுகிறோம். இந்த உதவியாளரின் கவனக்குறைவுக்காக வருந்துகிறோம்.

கீழே நாலு பெயர். அதே நாலு.

லுத்பியாதான் முதலில் வாயைத் திறந்தாள். "நாசமாப்போவாள்! பட்டர் கேக்கோட வந்தாளே இந்த வீட்டுக்கு! புதுக்கடைக் கோர்ட்டுக்குப் போய் ஒரு லோயரப் புடிங்க, கேஸ் போடுங்க."

மற்ற மூன்று தாள்களும் மேசையில் வட்டலாப்பத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. அவற்றில் ஒன்று ரிம்ஸானுக்கு. மர்ஸூக் மணிக்கட்டில் கிடந்த ரப்பர் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். தோல் சிவந்துபோனது, அது அவருக்குத் தெரியவில்லை.

அஸ்காவுக்கு இருபத்தாறு வயது. மணி மாறிய கதை எதுவும் அவளுக்கு நினைவில்லை. அவள் தகப்பனின் முழங்காலில் கையை வைத்து, கோபமில்லாமல், பாசத்தோடுதான் கேட்டாள். "வாப்பா, நீங்க அத எழுத மறந்திட்டீங்களா?"

"ஏழு கொப்பியிலயும் எழுதினேன் மகள். மொதப் பக்கத்துல. 'ரேடியோ நேரம், அதாவது புது நேரம்' எண்டு, தமிழ்ல எழுதினேன்."

"அப்ப ஏன் பயப்படுறீங்க? இண்டைக்கே அனுப்புவோம்." அஸ்கா ஃபோனை எடுத்துக் கமராவைத் திறந்தாள். "எங்க, கொப்பியக் காட்டுங்க வாப்பா, நான் போட்டோ எடுக்கிறேன்."

மர்ஸூக் கட்டிலுக்குக் கீழே குனியவில்லை.